ஏடி டயரை கழட்டிட்டு ஹெச்டி போட்டேன்: சின்ன எஸ்யூவில 8 மாச அனுபவம்

வண்டியோட வந்த டயர் தேஞ்சப்ப முதல் தடவை நான் ஏடி டயர்தான் போட்டேன், அதாவது ஆல் டெரெய்ன், மண் ரோடு தார் ரோடு ரெண்டுக்கும் ஆகும்னு விக்கறது, ரோட்டுல படற ரப்பர் கட்டைங்க, அதாவது பட்டன், பெருசு பெருசா இருக்கும், போட்டதும் வண்டிக்கே ஒரு கெத்து வந்துடும். ஆனா என் வண்டி மண்ணுல இறங்கறது வருஷத்துக்கு நாலஞ்சு தடவை, மத்தபடி முழுக்க தார் ரோடுதான், அதை நான் அப்ப யோசிக்கவே இல்ல. 80 தாண்டினா உள்ள ஊஊன்னு ஒரே இரைச்சல், பின் சீட்டுல பேசறது காதுல விழாது, மைலேஜும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கிட்ட குறைஞ்சுது. அதையெல்லாம் கூட பொறுத்துக்கிட்டேன். ஒரு மழை நாள்ல முன்னாடி போன வண்டி திடீர்னு பிரேக் அடிக்க நானும் அழுத்தறேன், வீல் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் கால்ல தடதடன்னு அடிக்குது, வண்டி பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கு, கடைசில முழு ஒரு முழம் கூட இல்ல நடுவுல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்தது இது கிடையாதுன்னு.

இப்ப ஓடறது ஹெச்டி, அதாவது ஹைவே டெரெய்ன், ஹைவேக்குன்னு பண்ற டயர். கம்பெனி பேர் சொல்லல, ஏன்னா ஒரே கம்பெனி ரெண்டு வகையும் விக்குது, பேரை மட்டும் பார்த்து வாங்கினா திரும்ப அதே தப்புதான் ஆகும். 11,000 கிலோமீட்டர் ஓட்டியாச்சு. இரைச்சல் போச்சு, ஸ்டியரிங் லேசாச்சு, முக்கியமா ஈர ரோட்டுல பிரேக் பிடிச்சா நிக்குது, அந்த நம்பிக்கை எனக்கு ரொம்ப பெருசு. குறைன்னா ஈரமான புல் மேட்டுல ஏத்தினா வீல் சும்மா சுத்துது, கூர் கல்லு கிடக்கற பாதைல சைடுவாலுக்கு, அதாவது டயரோட பக்கச் சுவருக்கு, பயந்து மெதுவா போக வேண்டியிருக்கு. நிஜமாவே வாரா வாரம் கல்லு மண்ணுல போறவங்க ஏடியே போடுங்க, அவங்களுக்குத்தான் அது. குளிர் 7 டிகிரிக்கு கீழ போற இடம்னா சாதா டயர் ரப்பர் விறைச்சுக்கும், பனிக்குன்னா மலைக்குள்ள பனிப்பூ (ஸ்னோஃப்ளேக்) போட்ட சின்னம் இருக்கான்னு பாருங்க, வெறும் எம் ப்ளஸ் எஸ்னு (சேறு, பனின்னு அர்த்தம்) எழுதியிருந்தா போதாது.

சைஸ் விஷயத்துல மட்டும் யார் சொன்னாலும் கேக்காதீங்க. என்னோடது 215/60 ஆர் 17, 96 ஹெச். 215ங்கறது அகலம் மில்லிமீட்டர்ல, 60ங்கறது சைடுவால் உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்னு, 17 இஞ்ச் ரிம். 96ன்னா ஒரு டயர் 710 கிலோ தாங்கும், ஹெச்னா 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். அந்த 96ங்கற லோடு நம்பர் வண்டி கம்பெனி கொடுத்ததை விட குறையவே கூடாது. கடைல 215/65 போடுங்க வண்டி தூக்கலா இருக்கும்னாங்க, கணக்கு போட்டா டயர் 3 சதவீதம் பெருசாகுது, மீட்டர்ல அதே 100 காட்டறப்ப முன்னைவிட 3 கிலோமீட்டர் வேகமா போய்க்கிட்டிருப்போம். வேண்டாம்னுட்டேன்.

அடுத்தது தேதி. டயர் பக்கவாட்டுல DOTனு இங்கிலீஷ்ல தொடங்கற வரிசையோட கடைசி நாலு நம்பர், 2324ன்னா 2024ல 23வது வாரம் பண்ணது. ஃபிட் பண்றதுக்கு முன்னாடியே பாருங்க, ஏன்னா நிறைய டயர்ல அந்த நாலு நம்பர் ஒரு பக்கம்தான் இருக்கும், மாட்டினப்புறம் அது உள் பக்கம் போயிட்டா வண்டிக்கு அடில படுத்துத்தான் பார்க்கணும். நான் ஃபோன் லைட்டை அடிச்சு நாலையும் உருட்டி உருட்டி பார்த்தேன், மூணு புதுசு, ஒண்ணு மூணு வருஷம் பழசு. மாத்திக் குடுங்கன்னேன், முகத்தை சுளிச்சாங்க, ஆனா மாத்தினாங்க.

நாலும் மாத்த முடியாம ரெண்டுதான்னா புதுசு ரெண்டும் பின்னாடி போகணும், முன்வீல் இழுக்கற வண்டியா இருந்தாலும்தான். தண்ணி தேங்கின ரோட்டுல பின்பக்கம் வழுக்குச்சுன்னா வண்டி அப்படியே சுத்திடும், ஸ்டியரிங்க வெச்சு சமாளிக்கறது ரொம்ப கஷ்டம். ஆல் வீல் டிரைவ்னா நாலுலயும் பட்டன் உயரம் ஒரே அளவு இருக்கணும், இல்லன்னா கியர் செட்டுக்கு தேவையில்லாத பாரம். பட்டன் தேஞ்சு 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்தா பள்ளத்துல இருக்கற அடையாள மேடு அதோட சமமா தெரியும், நான் அது வரைக்கும் விடறதில்ல, 3க்கு வந்தாலே மழைல பிடிப்பு குறையறது தெரியுது.

காத்து எவ்வளவுன்னு டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கும், அதுதான் கணக்கு, டயர் மேல எழுதியிருக்கறது தாங்கற உச்ச அளவு. அலைன்மென்ட், பேலன்சிங் அன்னைக்கே பண்ணிட்டேன். 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை திரும்ப டைட் வெச்சு பார்த்தேன், ரெண்டு நட்டு கால் சுத்து இறங்குச்சு. ஸ்டெப்னியையும் அப்பவே இறக்கினேன், வாங்கினதுல இருந்து தொடாதது, காத்து பாதி கூட இல்ல.