14 அங்குலத்திலேயே நின்றுவிட்டேன்: சின்னக் காருக்கு டயர் மாற்றிய அனுபவம்

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். 14 அங்குல ஸ்டீல் ரிம், 175/65 ஆர்14 டயர். கம்பெனி டயர்களில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) தேய்ந்து, தேய்மானத்தைக் காட்டும் குறுக்கு மேடு எட்டிப் பார்க்கத் தொடங்கிய சமயம் என் மைத்துனருடைய காருக்கும் டயர் மாற்ற வேண்டியிருந்தது. அதே மாடல், அதே என்ஜின். அவர் 15 அங்குல அலாய் வீலுக்கு, அதாவது அலுமினியக் கலவைச் சக்கரத்துக்குப் போனார். நான் ஸ்டீல் ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, டயரை மட்டும் கொஞ்சம் உயர்ந்த ரகமாகப் போட்டேன். இரண்டு பேரும் செலவழித்தது ஏறக்குறைய ஒரே தொகை. இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டும் இருக்கிறோம். அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

என் கட்சி முதலிலேயே தெரியட்டும்: சின்ன என்ஜின் வண்டியில் காசை ரப்பரில் போட வேண்டும், உலோகத்தில் அல்ல.

அளவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். 175 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. இங்கே சுமார் 114 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 14 அங்குல ரிம், அதாவது 355.6 மி.மீ. மொத்த விட்டம் 583 மி.மீ. மைத்துனர் போட்டது 185/60 ஆர்15. அதன் விட்டம் 603 மி.மீ. 20 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் அது மூன்றரை சதவீதத்துக்குப் பக்கம், பொதுவாகச் சொல்லப்படும் 3 சதவீத வரம்பைத் தாண்டுகிறது. 185/55 ஆர்15 எடுத்திருந்தால் 584 மி.மீ., கம்பெனி அளவோடு அச்சாகப் பொருந்தியிருக்கும். "அது ஒல்லியா தெரியுது மச்சான், வீல் ஆர்ச் நிறையணும்" என்று சொல்லிவிட்டார். சரி, அவர் வண்டி, அவர் விருப்பம்.

பெரிய விட்டத்தின் விளைவு முதலில் பிக்கப்பில் தெரிந்தது. சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது என்றால், எல்லா கியரும் மூன்றரை சதவீதம் நீண்டுவிட்டதாக அர்த்தம். பெரிய என்ஜினுக்கு இது உறைக்காது. நம் வண்டியில் ஏ.சி. போட்டு நான்கு பேர் உட்கார்ந்து மேடு ஏறினால், நான் மூன்றாவது கியரில் போகும் இடத்தில் அவர் இரண்டாவதற்கு இறங்க வேண்டியிருக்கிறது. இதோடு எடையும் சேர்கிறது. அலாய் என்றாலே லேசு என்று ஒரு நம்பிக்கை உண்டு. குளியலறை எடை மெஷினில் இரண்டு சக்கரங்களையும் டயரோடு நிறுத்திப் பார்த்தோம்; அவருடையதுதான் ஒன்றரை கிலோ போல அதிகம். வார்ப்பு அலாய் ஒரு அங்குலம் பெரிதாகவும் அகலமாகவும் ஆகும்போது, உலோகத்தில் மிச்சமான எடை அளவிலேயே போய்விடுகிறது. அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வீல் என்றால் கதை வேறு, ஆனால் அதை யாரும் இந்த ரக வண்டிக்கு வாங்குவதில்லை. கூடுதல் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, அதிலும் சுற்றும் பாகத்தின் விளிம்பில் உட்காருகிறது. அதே ஒன்றரை கிலோவை டிக்கியில் வைத்தால் வண்டிக்குத் தெரியவே தெரியாது.

மைலேஜ் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று அவர் புலம்பினார். பாதி உண்மை. விட்டம் கூடியதால் அவருடைய ஓடோமீட்டர் உண்மைத் தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது, 100 கி.மீ. என்று காட்டும்போது வண்டி 103க்கு மேல் ஓடியிருக்கும். அதைத் திருத்திக் கணக்குப் போட்டால், விழுந்ததாகச் சொன்னதில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. ஸ்பீடோமீட்டரும் இப்படித்தான். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருப்பதால், கம்பெனிகள் அதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் அவர் மீட்டர் இப்போது கிட்டத்தட்ட சரியாகக் காட்டுகிறது என்பது வேடிக்கை.

ரிம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை விட்டத்தோடு முடிவதில்லை. நட்டுத் துளைகளின் வட்டம் எங்கள் வண்டிக்கு 4x100, அதாவது 100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு துளை. இதைக் கடைக்காரரே பார்த்துவிடுவார். ஆஃப்செட்டைத்தான், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் (மி.மீ.யில்) பலர் கவனிப்பதில்லை. 5 அங்குல அகல ரிம்மிலிருந்து 6 அங்குலத்துக்குப் போனாலே இருபுறமும் 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட் 45லிருந்து 38க்கு இறங்கினால் இன்னும் 7 மி.மீ. வெளியே தள்ளும். ஆக வெளி விளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. நகர்கிறது. பின் சீட்டில் ஆள் நிறைந்து பள்ளத்தில் இறங்கும்போது அவர் வண்டியில் வரும் 'கரக்' சத்தம் அங்கிருந்துதான்.

இன்னொன்று நடுத்துளை. பல மாடல்களுக்கும் பொதுவாக விற்கும் அலாய்களில் நடுத்துளை 73.1 மி.மீ. என்று இருக்கும், எங்கள் ஹப் (சக்கரம் மாட்டும் நடு மேடு) 54.1 மி.மீ. நடுவில் வளையம் போடாமல் மாட்டிக் கொடுத்ததால் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது. பேலன்சிங் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் பொருத்தமான ஹப் வளையம் வாங்கிப் போட்டு, வண்டியை ஜாக்கியில் நிறுத்தி நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கியதும் நின்றது. நட்டின் உட்காரும் முனையும் ரிம்முக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். கூம்பு வடிவ இருக்கையில் உருண்டை முனை நட்டு சரியாகப் பிடிக்காது. புது ரிம் மாட்டினால் 100 கி.மீ.க்குள் ஒரு முறை டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்ப்பதும் நல்லது. ரிம்மின் மேல் ஜே.டபிள்யூ.எல். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது ஜப்பானிய அலாய் வீல் தரக் குறியீடு. வெறும் முத்திரையை நம்பி மட்டும் வாங்க முடியாதுதான், ஆனால் அதுகூட இல்லாததைத் தொடவே வேண்டாம்.

இப்போது என் பக்கம். டயர் தேர்வில் நான் முதலில் பார்த்தது ஈரத்தில் பிடிமானம். ஐரோப்பிய டயர் லேபிளில் இது ஏ முதல் இ வரை ஐந்து படிகளாக இருக்கும், ஏ தான் சிறந்தது. உருளும் தடைக்கும் (டயர் உருளும்போது வீணாகும் சக்தி, மைலேஜைப் பாதிப்பது) அதே ஐந்து படிகள், இரைச்சலுக்கு டெசிபல் எண். கம்பெனி பொருத்திக் கொடுக்கும் டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகத் தேர்ந்தெடுத்தது. நான் ஈரப் பிடிமானத்தில் பி, உருளும் தடையில் சி உள்ள ஒன்றை எடுத்தேன். சுமைக் குறியீடு பழையதைப் போலவே 82, அதாவது ஒரு டயருக்கு 475 கிலோ. வேகக் குறியீடு டி (T), மணிக்கு 190 கி.மீ. வரை. இந்த இரண்டிலும் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே போனால் தப்பில்லை. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் உற்பத்தி வாரமும் ஆண்டும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கடையில் இதைக் கேட்டால் சிலர் முகம் மாறும். கேளுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிடிமானம் பெரிதாகத் தெரியவில்லை. வார்ப்பு அச்சிலிருந்து டயரை எளிதாக எடுக்கப் பூசும் வழுவழுப்பு அதன் மேல் இருக்கும், அது தேய்ந்து போக வேண்டும். அப்புறம் முதல் மழையில் வித்தியாசம் புரிந்தது. சிக்னலில் பிரேக் அழுத்தினால் முன்பெல்லாம் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உடனே துடிக்கும், இப்போது அதே அழுத்தத்துக்கு வண்டி சத்தமில்லாமல் நிற்கிறது. மைத்துனரின் டயர் அகலம், ஆனால் லேபிளில் சி. காய்ந்த சாலையில் திருப்பங்களில் அவர் வண்டி நறுக்கென்று திரும்புகிறது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் ஸ்டீயரிங் சொன்னதும் கேட்கிறது. மழையில்தான் அகலம் கைகொடுக்கவில்லை. தேங்கிய நீரை அகலமான டயர் விலக்கச் சிரமப்படும், அவர் வண்டி என்னுடையதைவிடச் சீக்கிரமே மிதப்பதைப் போல இருக்கிறது.

என் டயரில் குறையே இல்லையா? இருக்கிறது. பாதி தேய்ந்த பிறகு இரைச்சல் கூடியது, அதுவும் சொரசொரப்பான கான்கிரீட் சாலையில். மைலேஜும் பழைய டயரைவிடக் கொஞ்சம் குறைவு. பக்கச் சுவர் மென்மையாக இருப்பதால் வேகமாக லேன் மாறும்போது ஒரு சின்னத் தாமதம் வருகிறது. அதே மென்மைதான் பள்ளத்தில் காப்பாற்றுகிறது. ஒரு முறை இருட்டில் மோசமான குழியில் இறங்கி ஸ்டீல் ரிம் வளைந்தது; பட்டறையில் தட்டி நிமிர்த்தினார்கள், டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படி ஒரு அடி வாங்கினால் அலாய் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. காற்றை ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த டயரில் பார்க்கிறேன். ஓடிச் சூடான டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்தான் கணக்கு, டயரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. முன் டயர்தான் இந்த வகை வண்டியில் வேகமாகத் தேயும், அதனால் 8,000 கி.மீ.க்கு ஒரு முறை முன்னே பின்னே மாற்றுகிறேன்.

ஸ்டெப்னியை மைத்துனர் மாற்றவில்லை, அது இன்னும் 14 அங்குலம். முன் சக்கரம் பஞ்சர் ஆனால் பின் சக்கரம் ஒன்றை முன்னே போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டச் சொல்லியிருக்கிறேன். முன் அச்சில் 20 மி.மீ. விட்ட வித்தியாசத்தோடு ஓட்டினால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) ஓயாமல் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தத் தலைவலி இல்லை. ஐந்தும் ஒரே அளவு.

இப்போது என் டயர்களில் 3 மி.மீ. சொச்சம் பட்டன் மிச்சம். பல நாடுகளில் சட்டம் சொல்லும் எல்லை 1.6 மி.மீ. தான், ஆனால் நீரை விலக்கும் வேலை அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடுவேன். அளவு அதேதான், இரைச்சல் குறைந்த ரகமாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.