எச்சரிக்கை: கணவர் விசாவுக்கு அமெரிக்க வரிக்கணக்கு தாக்கல் செய்து தருவதாக 1,85,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிய சேலத்து ஆலோசனை நிலையம்

1,85,000 ரூபாய். என் கணவரின் அமெரிக்க விசாவுக்காகச் சேலத்தில் உள்ள ஒரு குடியேற்ற ஆலோசனை நிலையத்தில் கொட்டிய பணம். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது அமெரிக்க வரித்துறைக்குப் போய்ச் சேராத மூன்று வரிக்கணக்குகள், நான் போடாத மூன்று கையெழுத்துகள், மும்பை நேர்காணலில் கொடுத்தனுப்பிய ஒரு மறுப்புத் தாள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்கிறார் வழக்கறிஞர். அதனால் எழுதவில்லை. ஆனால் இந்த ஊரில் என்னைப் போல் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் அடுத்த முன்பணத்தைக் கட்டுவதற்குள் இதைப் படிக்க வேண்டும்.

அப்பா அங்கே வேலையில் இருந்தபோது நான் நியூஜெர்சியில் பிறந்தேன். பள்ளியில் சேருவதற்கு முன்பே குடும்பம் சேலத்துக்குத் திரும்பிவிட்டது. படிப்பு, வேலை எல்லாம் இங்கேதான். தனியார் கல்லூரியில் பணி, மாதம் 50,000 ரூபாய் சம்பளம். கையில் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும். 2021இல் திருமணம். கணவர் குடும்பத்துக்கு ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டம். என் அண்ணன் அமெரிக்காவில் இருப்பதால் அங்கே குடியேற முடிவு செய்தோம். குடியுரிமை உள்ளவள் என்ற முறையில் கணவருக்கு நான்தான் ஐ-130 மனு போட வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகு, இவரை நான் பராமரிப்பேன் என்று ஐ-864 உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தோடு என் அமெரிக்க வருமான வரிக்கணக்கை இணைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அந்த நிலையத்தின் ஆலோசகர் நுழைந்தார்.

அவரை நம்பிய நாளை நினைத்தால் வயிறு எரிகிறது. அத்தையும் எங்களோடு வந்திருந்தார். அலுவலகச் சுவர் முழுக்க விசா முத்திரையை விரித்துப் பிடித்தபடி சிரிக்கும் தம்பதிகளின் படங்கள். எங்களை உட்கார வைத்து, முதலில் அத்தையிடம்தான் பேசினார். எந்த ஊர், எத்தனை ஏக்கர், இந்த வருடம் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைத்ததா என்று ஒரு சொந்தக்காரரைப் போல விசாரித்தார். தன் மகளும் டெக்சாஸில்தான் இருக்கிறாள் என்று கைப்பேசியில் பேரக் குழந்தையின் படத்தைக் காட்டினார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மணி, நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். அமெரிக்க வரிக்கணக்கு இந்த ஊர் ஆடிட்டர்களுக்குத் தெரியாது. மூன்று வருடக் கணக்கையும் நானே தாக்கல் செய்து, விசா ஆவணங்களையும் ஏற்றித் தருகிறேன். என் தங்கை காரியம் என்று நினைத்துச் செய்கிறேன்” என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் 1,85,000 ரூபாய் கொடுத்தோம்.

வரிக்கணக்குக்கு 1,00,000, விசா வேலைக்கு 85,000. அரசுக் கட்டணங்கள் தனி. அவற்றை அண்ணன் தன் அட்டையில் கட்டினார். ஒரு லட்சத்தை வங்கி வழியாக அனுப்பினேன். நிறுவனக் கணக்குக்கு அல்ல, அவருடைய சொந்தக் கணக்குக்கு. மீதி 85,000 ரொக்கம். தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகை விற்று அத்தை கொடுத்த பணம் அது. ரசீது என்று ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் கையால் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி எண் கிடையாது.

அடுத்த மாதங்களில் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே தெரிந்தது. வரிக்கணக்குகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டதாக கூரியர் ரசீதின் படம் வந்தது. ஆவணங்கள் முழுமை என்று அமெரிக்காவின் தேசிய விசா மையம் மின்னஞ்சல் அனுப்பியது. அந்த மையம் கேட்ட தாள்கள் வந்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது; அந்த வரிக்கணக்கு உண்மையில் வரித்துறைக்குப் போனதா என்று விசாரிப்பதில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது அமெரிக்கத் துணைத் தூதரகம். நேர்காணலுக்கு உள்ளே என் கணவர் மட்டும் போனார். வெளியே வந்தபோது கையில் 221(ஜி) என்று அச்சிட்ட ஒரு தாள். வரித்துறையிடமிருந்தே பெற்ற வரிக்கணக்குச் சான்று வேண்டும், அது வரும்வரை விசா இல்லை என்று அர்த்தம். அதிகாரி இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: “உங்கள் மனைவி வரிப் படிவத்தில் ஏன் தன்னை மணமாகாதவர் என்று சொல்லியிருக்கிறார்?”

அன்றிரவே விடுதி அறையில் அமர்ந்து, அமெரிக்க வரித்துறையின் இணையதளத்தில் எனக்கான கணக்கைத் திறந்தேன். 2021, 2022, 2023. மூன்று ஆண்டுகளுக்கும் தாக்கல் செய்ததாகப் பதிவே இல்லை.

விசா மையத்தில் ஏற்றியிருந்த பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்று படிவங்களிலும் மணமாகாதவர் என்ற கட்டத்தில் குறி. கணவருக்கு விசா கேட்கும் கோப்பிலேயே மனைவி மணமாகாதவள்! அதைவிடக் கொடுமை கையெழுத்து. நான் ஐ-130இல் கையெழுத்துப் போட்டபோது கடைசி எழுத்தின் வால் கட்டத்தின் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. நகல் எடுத்தபோது அந்த வால் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. வரிப் படிவங்கள் மூன்றிலும் அதே வால், அதே இடத்தில், அதே வெட்டோடு. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்துக்குக் கீழே என் கையெழுத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தின் அடியில், பணம் வாங்கிக்கொண்டு படிவம் தயாரித்தவர் தன் பெயரும் பதிவு எண்ணும் எழுதிக் கையெழுத்திட வேண்டிய பகுதி காலியாக இருந்தது. பணம் வாங்கித் தயாரிக்கும் எவரும் பி-டின் எனப்படும் அந்த எண்ணை வைத்திருக்க வேண்டும், கையெழுத்திட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

கூரியர் ரசீதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தியாவிலிருந்து போகும் இப்படிப்பட்ட கணக்குகள் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்குப் போக வேண்டும். ரசீதில் சேர வேண்டிய இடம் சென்னை.

திரும்பி வந்த பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சொல்லி மாளாது. அந்த ஆலோசகரிடம் கேட்டால், முதலில், “தம்பி நேர்காணலில் ஏதோ உளறியிருப்பார்” என்று என் கணவர் மீதே பழி. அடுத்து, அண்ணன் இணை ஸ்பான்சராக, அதாவது என்னோடு சேர்ந்து பராமரிப்புக்குப் பொறுப்பேற்பவராக இருப்பதால் என் வரிக்கணக்கே தேவையில்லை என்றார். அப்பட்டமான பொய். என் சம்பளம் போதாது என்பதால்தான் அண்ணன் இணை ஸ்பான்சர். இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2024ஆம் ஆண்டுக் கணக்கில் 25,550 டாலர் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் இணை ஸ்பான்சர் இருந்தாலும் மனு போட்டவர் தன் ஐ-864ஐயும் தன் வரிக்கணக்கையும் கொடுத்தே ஆக வேண்டும்.

அதன்பின் அவர் சொன்னதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. “உங்கள் சம்பளத்துக்கு அங்கே வரியே வராது அம்மணி. இந்தியாவோடு ஒப்பந்தம் இருக்கிறது. தாக்கல் செய்யாவிட்டால்தான் என்ன?” என்று சிரித்தார். வரி வராது என்பது சரி. என் ஆண்டுச் சம்பளம் ஏழாயிரம் டாலர் சொச்சம். 2023இல் வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவே 13,850 டாலர். ஆனால் வரி வராது என்பது வேறு, தாக்கல் வேண்டாம் என்பது வேறு. அமெரிக்கக் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். மணமானவர் தனியாகத் தாக்கல் செய்யும்போது ஆண்டு வருமானம் 5 டாலரை எட்டினாலே தாக்கல் கட்டாயம். 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க ஒப்பந்தம் அந்தக் கடமையை நீக்கவில்லை. தன் குடிமக்கள்மீது வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா அதிலேயே தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ரூபாய்கூட வரி வராத கணக்குக்கு, 1,00,000 ரூபாய் வாங்கி, அதையும் தாக்கல் செய்யாமல், கேட்டால் தேவையே இல்லை என்கிறார்!

பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். வரவேற்பில் இருக்கும் பெண், “சார் கூட்டத்தில் இருக்கிறார்” என்றார். நேரில் போனால், “சார் கோயம்புத்தூர் போயிருக்கிறார்.” உள்ளறையில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அருகே ஒரு வயதான தம்பதி, மகனின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடம் அங்கேயே நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் கதவு திறந்தது. வெளியே வந்தவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. திருத்தக் கணக்கு போட இன்னும் 40,000 ரூபாய் ஆகும் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஆலோசனைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று அந்தத் துண்டுத் தாளையே காட்டினார். மிளகு விற்ற பணத்தைக் கொடுத்த அத்தை அவர் எதிரில் நின்று, “தங்கை காரியம் என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இப்போது அண்ணன் வழியாக, அமெரிக்க வரித்துறையில் பதிவு பெற்ற ஒருவரிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறோம். அவர் முதல் பேச்சிலேயே கேட்டது வங்கிக் கணக்குகளைப் பற்றி. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த 12 லட்சம் ரூபாய் வைப்பில் என் பெயரும் இணைந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்ற தனி அறிக்கை கொடுக்க வேண்டும். பணம் அப்பாவுடையது என்றாலும் கணக்கில் என் பெயர் இருந்தால் போதும். வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கே 10,000 டாலரைத் தாண்டும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1,85,000 ரூபாய் வாங்கியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. தெரியாமல் விடுபட்ட வெளிநாட்டுவாழ் குடிமக்களுக்கென்று எளிமைப்படுத்திய ஒரு முறையை வரித்துறையே வைத்திருக்கிறது: கடைசி மூன்று ஆண்டுகளின் வரிக்கணக்கு, ஆறு ஆண்டுகளின் எஃப்பார், ஏன் விடுபட்டது என்று விளக்கும் 14653 படிவம். தகுதி இருந்தால் அபராதம் இல்லை. கணக்குகள் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்தத் திட்டத்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும். மணமானவர், தனித் தாக்கல் என்ற கட்டத்தில் குறி. அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கணவருக்குக் கேட்கும் இடத்தில், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்பதைக் குறிக்கும் என்.ஆர்.ஏ. என்ற மூன்று எழுத்து. அவ்வளவுதான். ஆனால் தாளில் போகும் கணக்கு பதிவாகி, சான்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கணவரின் மருத்துவப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதத்துக்குத்தான் செல்லுபடியாகும். அதையும் மறுபடி செய்ய நேரலாம்.

அவசரமாகச் சில எச்சரிக்கைகள். பணம் கொடுக்கும் முன் பி-டின் எண்ணைக் கேளுங்கள். கையெழுத்திட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தாக்கல் செய்துவிட்டோம் என்ற பேச்சையோ கூரியர் படத்தையோ ஏற்காதீர்கள். வரித்துறைச் சான்றை உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே எடுத்துப் பாருங்கள், அது இலவசம். எஃப்பார் தாக்கலுக்கும் கட்டணம் இல்லை. விசா மையத்தில் ஏற்றுவதை நீங்களே ஏற்றுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குத் தாக்கல் கெடு தானாகவே ஜூன் 15 வரை நீளும், அதற்கு எவரும் பணம் கேட்கக் கூடாது. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.

நான் 1,85,000 ரூபாய்க்கும் சேர்த்துப் புகார் கொடுத்துவிட்டேன். கையெழுத்து வெட்டி ஒட்டியதற்குக் காவல் துறையில் தனி மனு. அண்ணனின் சமூகப் பாதுகாப்பு எண் உள்ள வரித் தாள்களின் நகல்கள் இன்னும் அந்த நிலையத்தில்தான் இருக்கின்றன. கேட்டால் கோப்பைக் காணவில்லை என்கிறார்கள். அந்த எண்ணை வைத்து வேறு யாரும் கணக்கு தாக்கல் செய்துவிடாதபடி, அண்ணன் வரித்துறையிடம் அடையாளப் பாதுகாப்பு எண் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை வழக்கறிஞரோடு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன், கோப்பை வாங்க.