பொள்ளாச்சி பக்கம் தோப்புக்குள்ள நாய் போர்டிங்: நாலு தடவை விட்ட அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், இடத்தோட பேரு போடல. அதை நடத்தற அண்ணனே வேண்டாம்னுட்டார். "இப்பவே போன் எடுத்து மாளலைங்க தம்பி, எட்டு நாய்க்கு மேல நம்மளால பாக்க முடியாதுங்க"ன்னார். ஆனைமலை போற ரோட்ல உள்ள தள்ளி ஒரு தென்னந்தோப்பு, அவ்ளோதான் சொல்லுவேன். அப்புறம் எதுக்குடா ரிவ்யூன்னு கேப்பீங்க. இப்ப தோட்டம் வெச்சிருக்கறவங்க நிறைய பேர் நாய் போர்டிங் (நாம ஊருக்கு போறப்ப ராத்திரியோட விடறது), டேகேர் (பகல் மட்டும் விடறது)னு ஆரம்பிக்கறாங்க, எதைப் பாத்து நம்பி விடறதுன்னு தெரியாம நான் ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதான் எழுதறேன்.

எங்க வீட்டு நாய் செல்லி. நாட்டு நாய், 4 வயசு, 16.5 கிலோ. கோயம்புத்தூர் சரவணம்பட்டில எங்க தெருவுல குட்டியா கிடந்தவ. வெடிச்சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போனவ ரெண்டு நாளைக்கு ஒன்னுக்குக்கூட வெளிய வரமாட்டா.

2024 ஆரம்பத்துல சிட்டிக்குள்ளயே ஒரு போர்டிங்ல 5 நாள் விட்டோம். ஏசி ரூம், கேமரா எல்லாம் உண்டு, ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு போட்டோ வரும், கழுத்துல கலர் துணி கட்டி எல்லாம் ஒரே செவுத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்தது, எப்ப கேட்டாலும் "சூப்பரா சாப்பிட்டா சார், செம ஜாலியா இருக்கா சார்"னு பதில் வரும், நாங்களும் ஊர்ல நிம்மதியா இருந்தோம். திரும்பி வந்து தூக்கினப்பவே என் கைக்கு தெரிஞ்சிருச்சு. வெயிட் போட்டா 14.8. குரல் கட்டி குரைக்கக்கூட முடியல, அஞ்சு நாளும் கத்தியிருக்கா. சாப்பிடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தம்பி உள்ளூர்லயே இருந்தான், போயி கூட்டிட்டு வந்திருப்பான். சொல்லல. அன்னைலருந்து போட்டோன்னாலே எனக்கு நம்பிக்கை இல்ல.

சரி, இந்த இடத்துக்கு வரேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் சொல்லித்தான் போனேன். உக்கடம் பாலம் திறந்ததுக்கு அப்புறம் பொள்ளாச்சி ரோடு ஓரளவு பரவால்ல, இருந்தாலும் எங்க வீட்ல இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண் ரோடு, தேங்கா லோடு லாரி போயி போயி பள்ளம், மழைன்னா சின்ன கார் அடி தட்டும். ஒரு தடவை எதுக்கால லாரி வந்து நான் ரிவர்ஸ்லயே அரை கிலோமீட்டர் வந்தேன். இதுக்கு ஒரு ஸ்டார் கட்.

போன உடனே நாயை வாங்கி வெச்சுக்குவாங்கன்னு பாத்தா இல்ல. தோப்புக்கு நடுவுல ஓட்டு வீடு, அங்க சாளைன்னு சொல்லுவாங்க, அதோட திண்ணைல உக்கார வெச்சு, அண்ணன்கூட இடத்தைப் பாத்துக்கற அக்கா மோர் குடுத்துட்டு ஒரு 40 பக்க நோட்டை எடுத்தாங்க பாருங்க, பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க மாமனார் என்னை இவ்ளோ கேள்வி கேக்கல. ஊசி கார்டு எங்க, பல நோய்க்கும் சேத்து போடற 9 இன் 1 ஊசி எப்ப போட்டது, வெறிநாய்க்கடி ஊசி எப்ப, கென்னல் காஃப்ங்கற நாய் இருமலுக்கு மூக்குல சொட்டு விட்டாச்சா, உண்ணி மாத்திரை எந்தத் தேதி, ஹீட் (பெட்டை நாய் இணை சேர்ற பருவம்) வந்து எத்தனை மாசம், சாப்பிடறப்ப கிட்ட போனா உறுமுவாளா, குழி பறிப்பாளா, வேலி தாண்டுவாளா. கென்னல் காஃப் சொட்டு நாங்க விடல. "விட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க தம்பி"ன்னு அண்ணன் சொல்லிட்டார். அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு போனவனுக்கு கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் எங்க டாக்டர் கிட்ட கேட்டப்பதான் தெரிஞ்சது, நாய்ங்க ஒன்னா இருக்கற இடத்துல அந்த இருமல் ஒன்னுக்கு வந்தா காத்துலயே எல்லாத்துக்கும் பரவிடுமாம், நாய் தொண்டைல எலும்பு சிக்குன மாதிரி கக்கி கக்கி இருமுமாம், நம்ம ஆளுங்க எலும்புதான்னு நெனச்சு வாய்க்குள்ள கைய விட்டுப் பாப்பாங்களாம்.

ரெண்டு வாரம் கழிச்சு போனா அப்பவும் நேரா போர்டிங் கிடையாது. முதல்ல ஒரு பகல் மட்டும் டேகேர்ல விடணும். காலைல 9 மணிக்கு விட்டுட்டு நானும் என் வைஃபும் ஆழியார் டேம்ல போயி மீன் வறுவல் தின்னுட்டு, ரெண்டு பேரும் பேசிக்காம போனையே பாத்துட்டு உக்காந்திருந்தோம். சாயங்காலம் போனா நோட்டுல எழுதியிருந்தது இதுதான்: "செல்லி. 11 மணி வரை கேட்டுகிட்டயே நின்னா. தண்ணி குடிச்சா. மதியம் சோறு தொடலை. 3 மணிக்கு கொஞ்சம் தின்னா. மோஷன் ஒரு தடவை, கெட்டி. கருப்பு லேப்ரடார் கூட சேரலை, கிழவி கூட சேர்ந்தா." கிழவிங்கறது அவங்க வீட்டு பழைய நாய். எனக்கு அந்த "சோறு தொடலை"யை படிச்சப்பதான் நம்பிக்கையே வந்துச்சு.

இடத்தைப் பத்தி. முன்னாடி மாட்டுக் கொட்டாயா இருந்ததை எட்டு தடுப்பா பிரிச்சிருக்காங்க. மேல ஓடு, தரை சிமெண்ட், தண்ணி நிக்காம பின்பக்கம் வாட்டம் விட்டு கால்வா. சுத்தி ஆறடி கம்பி வலை, அடில ஒரு அடி மண்ணுக்குள்ள பதிச்சு மேல ஹாலோ பிளாக் வரிசை, ஏன்னா நாட்டு நாய்க்கு அரை மணி நேரம் குடுத்தா போதும் சுரங்கமே தோண்டிடும். கேட்டு ரெண்டு. ஒன்னை சாத்தாம இன்னொன்னைத் தொறக்கவே மாட்டாங்க. கார் கிளம்பின உடனேதான் நாய் பின்னாடியே பிச்சிக்கிட்டு ஓடுமாம், தொலையற நாய்ல பாதி அந்த ஒரு நிமிஷத்துலதான் தொலையுதுன்னு அண்ணன் சொன்னார். ராத்திரி ரெண்டு பேரும் கொட்டாய்ல இருந்து பத்தடில படுக்கறாங்க. சிசிடிவி கிடையாது. கேட்டா "கேமரா பாத்துட்டு என்னங்க பண்றது, பாம்பு வந்தா நான்தான எந்திரிக்கோணும்"னார். கண்ணாடி விரியன் இருக்கற பூமி அது, மட்டை குமிச்சு வெச்ச பக்கம் நாய் போகாம தனியா வேலி போட்டிருக்கார், எலி சேரும் எலிக்கு பாம்பு வரும்னு தீவனத்தை எல்லாம் தகர டிரம்ல மூடி வெச்சிருக்கார். எலி மூத்திரத்துல லெப்டோங்கற எலிக்காய்ச்சல் வரும்ங்கறதும் அவருக்கு தெரிஞ்சிருக்கு.

டேகேர் யார் விடறாங்கன்னு யோசிச்சேன், காட்டுக்குள்ள இருக்கே. பொள்ளாச்சி டவுன்ல வேலைக்கு போறவங்க ரெண்டு மூணு பேர் ரெகுலர். மத்தபடி சனி ஞாயிறு டூர் கூட்டம். டாப்சிலிப் புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, நாயைக் கூட்டிட்டு போக முடியாது, வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பாதி நாய் கார்லயே வாந்தி எடுக்கும், அதனால காலைல இங்க விட்டுட்டு இருட்டறதுக்குள்ள வந்து எடுத்துக்கறாங்க. பகலுக்கு 350, ராத்திரியோட 600, தீபாவளி வாரம் 800. சாப்பாடு நம்மளே குடுத்தா 100 கம்மி. நம்மளே குடுங்கன்னுதான் அவங்களும் சொல்றாங்க, புது எடம் புது சோறு ரெண்டும் ஒன்னா வந்தா வயித்தால போகும்னு. இல்லன்னா அக்கா கோழிக்கால், கழுத்து போட்டு மஞ்சத்தூளோட வேகவெச்ச சோறு, உப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. வேகவெச்ச எலும்பு உடைஞ்சு குத்தும்னு அதை உக்காந்து பொறுக்கி எடுத்துட்டுதான் வெக்கறாங்க, நான் என் கண்ணால பாத்தேன்.

இதுல பெருசா சம்பாதிக்கறாங்கன்னு நினைக்காதீங்க. 2016ல தென்னைக்கு சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருப்பா படிஞ்சுதே, அதுக்கு அப்புறம் காய்ப்பு குறைஞ்சு, தேங்காயை மட்டும் நம்பினா ஆகாதுன்னு ஆரம்பிச்சதாம். "மாசத்துல பத்து நாள் கொட்டாய் காலிங்க, லீவு வந்தா மட்டும் நூறு போன் வருதுங்க"ன்னார். அப்படி நூறு போன் வர்ற அன்னைக்கும் ஒன்பதாவது நாயை எடுக்கறதில்ல. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாயை ஏப்ரல் மே ரெண்டு மாசமும் எடுக்கவே மாட்டார், மூச்சு வாங்கியே செத்துரும், ஏசி இல்லாத எடத்துல அந்த பாவம் எனக்கு வேண்டாம்ங்கறார். ஒரு அம்மா நான் நிக்கறப்பவே அதுக்கு சண்டை போட்டுட்டு போனாங்க.

2024 தீபாவளிக்கு முதல் தடவை 4 நாள் விட்டோம். "இங்க வெடியே இருக்காதுங்களா"ன்னு கேட்டேன். "ஊருக்குள்ள வெடிப்பாங்க தம்பி, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன், தூரமா கேக்கும்"னார். அன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்கே நாய்ங்களை எல்லாம் நல்லா நடக்க விட்டு, ஜன்னல் இல்லாத தேங்கா குடோன்ல தடுப்பு வெச்சு கட்டி, ரெண்டு பெரிய ஃபேனை ஓட விட்டு ரேடியோ போட்டு அண்ணனும் உள்ளயே பாய் விரிச்சு படுத்துட்டார். மயக்க மாத்திரை குடுப்பீங்களான்னு இன்னொருத்தர் கேட்டதுக்கு டாக்டர் சீட்டு இல்லாம ஒன்னும் குடுக்கமாட்டேன்னுட்டார். அங்க சிக்னல் சுத்தமா இல்ல, கெணத்து மோட்டார் ரூம் படில ஏறி நின்னா ஒரு கோடு வரும், தினமும் ராத்திரி எட்டே காலுக்கு அங்க போயி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புவார், பின்னாடி மயில் கத்தும். அன்னைக்கு வந்தது: "தம்பி, செல்லி நடுங்குச்சுங்க, ஒரு ஒன்னரை மணி நேரம். என் லுங்கிய புடிச்சுட்டு படுத்திருக்குது. சோறு வெக்கலைங்க, காலைல வெக்கறேன்." என் வைஃப் அதை ஏழெட்டு தடவை கேட்டா.

அந்த வாரம் அங்க ஒரு ராஜபாளையம் இருந்துச்சு, வெள்ளை வெளேர்னு, மூக்கு ரோஸ் கலர். 2005ல தபால் தலைல எல்லாம் வந்த ஜாதி, ஆனா அந்த வெள்ளை நிறத்தோட பொறக்கற சிலதுக்கு பிறவியிலயே காது கேக்காது, இதுக்கும் கேக்காது. தூங்கறப்ப தொட்டா திடுக்குனு கடிச்சிரும்னு அண்ணன் கிட்ட போறதுக்கு முன்னாடி தரைல ரெண்டு தடவை காலைத் தட்டுவார். அது கண்ணைத் தொறந்து பாத்து வாலை ஆட்டின அப்புறம்தான் கிட்டயே போவார். ஊரே வெடிச்சப்ப குடோன்ல குறட்டை விட்டு தூங்கினது அது ஒன்னுதானாம்.

இப்ப குறை. 2025 மே மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு 9 நாள் விட்டிருந்தோம். கூட்டிட்டு வந்து 12வது நாள் செல்லி சாப்பிடாம படுத்துட்டா, ஜுரம் 104, ஈறு வெளுத்துப் போச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தா பிளேட்லெட் இறங்கியிருக்கு, உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் 28 நாள் குடுத்தோம், மாத்திரையை இட்லிக்குள்ள வெச்சா இட்லியை மட்டும் தின்னுட்டு மாத்திரையைத் துப்புவா, அது தனி கதை. உண்ணி கடிச்சு ஒன்னுலருந்து மூணு வாரத்துக்குள்ள காட்டும்னு டாக்டர் சொன்னார், அப்ப அங்கயும் கடிச்சிருக்கலாம், எங்க தெருவுலயும் கடிச்சிருக்கலாம். உண்ணி மாத்திரை நாள் தள்ளிப் போனது எங்க தப்பு, கல்யாண வேலைல மறந்துட்டோம், அதை அவங்களும் அந்த தடவை நோட்டுல பாக்காம விட்டுட்டாங்க. போன் பண்ணி சொன்னேன். சண்டைக்கு வருவார், இல்ல எங்ககிட்ட உண்ணியே கிடையாதுன்னு சாதிப்பார்னுதான் நெனச்சேன். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் "தேதி பாக்காதது எங்க தப்புங்க"ன்னுட்டு, அந்த 9 நாள்ல அங்க இருந்த மத்த நாய்க்காரங்களுக்கெல்லாம் அவரே போன் பண்ணி இந்த மாதிரி ஒரு நாய்க்கு வந்திருக்கு ஜுரம் வந்தா ரத்தம் பாத்துருங்கன்னு சொல்லியிருக்கார். எனக்கு இது எப்படி தெரியும்னா அதுல ஒருத்தர் என் ஆபீஸ்காரர்.

அடுத்து போனப்ப கொட்டாய் செவுத்துல இருந்த வெடிப்பெல்லாம் சிமெண்ட் பூசி அடைச்சிருந்தது. நாய் உண்ணி புல்லுல இருக்கறதைவிட செவுத்து இடுக்குலதான் ஏறி முட்டை போடும், அதனால வாரம் ஒரு தடவை தடுப்பெல்லாம் காலி பண்ணி நெருப்பு காட்டறாங்க. இப்ப மாத்திரை அட்டையை கைல காட்டாம உள்ளயே விடறதில்ல.

வேற என்ன. குளிப்பாட்ட மாட்டாங்க, கார் பூரா நாய் வாடையும் செம்மண்ணும்தான். சாயங்காலம் ஆறரைக்கு மேல போனா கேட்டு தொறக்காது. ஜிபே வேலை செய்யாது, காசா எடுத்துட்டு போங்க. நல்ல டாக்டர் வேணும்னா பொள்ளாச்சி டவுன்தான், ராத்திரில அங்கயும் கஷ்டம், அதுக்காக 3000 அட்வான்ஸும் உங்க கையெழுத்தும் வாங்கி வெப்பாங்க. வயசான நாய், ஹார்ட் மாத்திரை போடற நாய்னா நான் இந்த எடத்தை சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற எடமா பாருங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். பொங்கலுக்கு சொல்லி வெச்சாச்சு. இந்த மாதிரி எடத்துக்கு போறவங்க நாய் படுக்கற பழைய பெட்ஷீட்டை எடுத்துட்டு போங்க, ஆனா துவைக்காதீங்க. நான் முதல் தடவை கம்ஃபர்ட் எல்லாம் போட்டு துவைச்சு அயர்ன் பண்ணி மடிச்சு கொண்டு போனேன். அக்கா மோந்து பாத்துட்டு "ஏனுங் தம்பி, இதுல உங்க வாசமும் இல்ல அவ வாசமும் இல்ல, கடை வாசம்தான அடிக்குது, அந்த சட்டைய கழட்டிக் குடுத்துட்டு போங்க"ன்னாங்க. பனியனோடதான் கோயம்புத்தூர் வரைக்கும் வண்டி ஓட்டிட்டு வந்தேன்.