ஹாட் டப் ஹீட்டர் ரிலே மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

என்னோடது ரொம்ப பழைய ஹாட் டப் (சுடுதண்ணியில உக்காந்து குளிக்கற பெரிய தொட்டி), 1200 லிட்டர், 3 கிலோவாட் ஹீட்டர். ஒரு நாள் கைய விட்டுப் பாத்தா தண்ணி ஜில்லுனு இருக்கு, ஆனா பேனல்ல ஹீட் லைட் எரியுது, பம்பு ஓடுது, போர்டுல ரிலே (ஹீட்டருக்குப் போற கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) டிக்குங்கற சத்தமும் கேக்குது. எலிமெண்ட்தான் போச்சுன்னு நெனச்சு, மெயின ஆஃப் பண்ணி வயர கழட்டி மீட்டர் வெச்சா 17.6 ஓம் காட்டுது. 230 வோல்ட்ல 3 கிலோவாட்டுக்கு அதுதான் கணக்கு, அப்ப எலிமெண்ட்ல தப்பு இல்ல.

டிக்குனு சத்தம் வந்தா ரிலே நல்லாருக்குன்னு நம்பிடாதீங்க. அது ரிலேக்குள்ள இருக்குற காந்தக் காயில் இழுக்குற சத்தம் மட்டும்தான், கரண்ட் போற முனை, அதாவது காண்டாக்ட், கருகியிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். ஹீட் ஆன்ல இருக்கும்போது ரிலேவோட ரெண்டு காண்டாக்ட் முனைக்கு நடுவுல வோல்டேஜ் கிட்டத்தட்ட ஜீரோ இருக்கணும், எனக்கு முழு 230 காட்டுச்சு, அதாவது காண்டாக்ட் சேரவே இல்ல. (இது கரண்ட் ஓடும்போது பாக்குற டெஸ்ட், பழக்கம் இல்லாதவங்க எலக்ட்ரீஷியன கூப்பிட்டுடுங்க.)

12 வோல்ட் காயில், 30 ஆம்ப் காண்டாக்ட், கால் அமைப்பும் அதே மாதிரி பாத்து ஒரு ரிலே வாங்கி, பழசுல இருந்த ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டு சால்டர் பண்ணேன். சூடு வந்துச்சு, சந்தோஷம். அஞ்சே மாசத்துல மறுபடி அதே கதை.

ரெண்டாவது தடவதான் உக்காந்து ஒழுங்கா பாத்தேன். செத்த ரிலேவோட மூடிய பிளேடால கீறித் திறந்தா, வெள்ளிப் பொட்டு மாதிரி இருக்க வேண்டிய காண்டாக்ட் குழி விழுந்து கரி பிடிச்சிருக்கு. அத விட முக்கியம் ரிலே தலையில சொருகுற லக் (வயர் நுனியில இருக்குற உலோக கிளிப்). அதோட பிளாஸ்டிக் உறை பழுப்பாகி, விரலால தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்குது, லக்கும் பிடிமானமே இல்லாம லூசா ஆடுது. மொத தடவ அத அப்படியே திருப்பி சொருகிட்டேன், தப்பு அங்கதான். ஹீட்டருக்கு 13 ஆம்ப் போகுது, லூஸ் காண்டாக்ட்ல வெறும் 0.1 ஓம் இருந்தாலே 17 வாட் சூடு அந்த இடத்துலயே வரும், சின்ன சால்டரிங் அயர்ன அங்க ஒட்டி வெச்ச மாதிரி. அந்த சூடு ரிலேக்குள்ள இறங்கிட்டே இருந்தா எந்த ரிலேவும் தாங்காது.

அதனால வயர கருகாத செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி புது லக் போட்டு நல்லா நசுக்கி இறுக்கி கிரிம்ப் பண்ணேன், போர்டுல நெறம் மாறின ஜாயிண்ட் எல்லாத்தயும் புதுசா சால்டர் பண்ணேன். இன்னொண்ணு, என் ஃபில்டர் அடைச்சிருந்துச்சு, தண்ணி ஓட்டம் குறைஞ்சு ஹீட்டர் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆன் ஆஃப் ஆயிட்டு இருந்திருக்கு. ஒவ்வொரு தடவ கட் ஆகும்போதும் காண்டாக்ட்ல ஒரு பொறி, அதுவே அரிச்சுடும். இப்ப ஃபில்டர மாசம் தவறாம கழுவுறேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் முழுசா ஓடிருச்சு. மூடி போட்டிருந்தா மணிக்கு ரெண்டு டிகிரி ஏறுது, கிளாம்ப் மீட்டர்ல 13 ஆம்ப் நிக்குது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மெயின ஆஃப் பண்ணி லக்க இழுத்துப் பாப்பேன், இது வரைக்கும் நெறம் மாறல.

போர்டையே மாத்தச் சொன்னாங்க எங்கிட்ட. காயில், காண்டாக்ட்ட தவிர போர்டுல வேற எதுவும் கருகலன்னா ரிலே மட்டும் போதும்ங்கறது என் கருத்து. காண்டாக்ட்ட உப்புத்தாள் வெச்சு தேய்க்கறது மட்டும் வேண்டாம், மேல இருக்குற பூச்சு போயிடும், அப்புறம் ஒட்டிக்கவும் வாய்ப்பு இருக்கு. ஒட்டிட்டா ஹீட்டர் ஆஃபே ஆகாது, தண்ணி 40 டிகிரிய தாண்டி ஏறிட்டே போகும், அப்ப காப்பாத்தறது ஹை லிமிட் சென்சார் (சூடு அளவு மீறினா ஹீட்டர கட் பண்றது) மட்டும்தான். அது ட்ரிப் ஆகுதுன்னு சொல்லி யாரும் தயவு செஞ்சு அந்த சென்சார விட்டுட்டு வயர நேரா ஜாயிண்ட் பண்ணி விட்டுடாதீங்க, உள்ள உக்காந்திருக்கறது நம்ம குழந்தைங்க.