பழைய ஆடி டிடிக்கு முழு பாலிசியா, தேர்ட் பார்ட்டி மட்டுமா?

பத்து வயது தாண்டிய ஆடி டிடி கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ட் பார்ட்டி மட்டும், அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு மட்டும் என்றால், 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு வருடத்துக்கு 7,897 ரூபாய், கூட ஜிஎஸ்டி. சட்டப்படி இது போதும், ஆனால் வண்டி திருடு போனாலும் சரி, தீப்பிடித்தாலும் சரி, உங்களுக்கு ஒரு பைசா வராது.

முழு பாலிசியில் வரும், ஆனால் ஐடிவி வரைதான், அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு வரைதான். ஐந்து வயதுவரை அதற்கு அட்டவணை உண்டு. அப்புறம் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான், இங்கேதான் பலர் பிரீமியம் குறைகிறதே என்று ஐடிவியை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று கணக்கு. இரண்டு ஏர்பேக் வெடித்து ஒரு ஹெட்லைட்டும் உடைந்தால் அந்தக் கோடு ரொம்பப் பக்கம். சின்ன இடி என்றாலும் பிளாஸ்டிக் பம்பரில் பாதி விலை உங்கள் கையிலிருந்துதான், இந்த வயதில் உலோகப் பாகங்களுக்கும் அதே கணக்கு.

இருந்தாலும் நான் முழு பாலிசி பக்கம்தான். வண்டி போனால் அந்தப் பணத்தை விட்டுவிட முடியும் என்பவர்கள் மட்டும் தேர்ட் பார்ட்டிக்குப் போகலாம். புதுப்பிக்கும் முன் அதே மாடல், அதே வருட வண்டிகளின் விற்பனை விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஐடிவி பேசுங்கள்.