வசூல் பண்ணித் தருகிறேன் என்று வருபவரிடம் லெட்டர்பேடைக் கொடுக்காதீர்கள்

திருப்பூரில் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணியில் கூலிக்கு வேலை, செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங், தையல், எதுவானாலும் சரி, வேலை கொடுக்கிற பார்ட்டியிடம் பாக்கி நிற்காத யூனிட் இங்கே கிடையாது. அந்தப் பாக்கியை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் மறுபடியும் கிளம்பியிருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். எங்களிடம் வந்தபோது கையில் பழுப்பு ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயைத் திறந்தால் 'மேடம்'. அவர் பெயரையும் பார்ட்டியின் பெயரையும் போடவில்லை. விஷயம் இன்னும் முடியாததால் பெயர் போட வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன பிரிண்டிங் யூனிட். நாலு டேபிள், பிரிண்டைச் சூட்டில் உலர்த்தும் ஒரு க்யூரிங் மெஷின், சீசனில் பதினாலு பேர். ஸ்க்ரீன், கலர் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். பில், கணக்கு, வசூல் என் பக்கம். பார்ட்டி உள்நாட்டு மார்க்கெட்டுக்கு டி-ஷர்ட் போடுகிறவர். முதல் இரண்டு பில்லுக்குப் பத்தே நாளில் பேங்கில் பணம் போட்டார். இப்படி ஒரு பார்ட்டி நமக்குக் கிடைத்தாரே என்று நாங்களே பெருமையாகப் பேசிக்கொண்டோம். இப்போது யோசித்தால் அது தூண்டிலில் வைத்த புழு.

2022 தீபாவளி சீசன். ஜூனில் இருந்து அக்டோபர் வரை 58,000 பீஸ் அடித்துக் கொடுத்தோம், சராசரி பீஸுக்கு எட்டு ரூபாய். 5 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 4,87,200. நடுவில் அஞ்சும் பத்துமாகக் கொடுத்தது போக நின்ற பாக்கி 4,12,000. அவர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் பில் போட்ட வரியை நாங்கள் கட்டியாக வேண்டும். 23,200 ரூபாய் கட்டினோம். அந்த வரியை அவர் தன் வரியில் கழித்து இன்புட்டாகவும் எடுத்துக்கொண்டார்.

கடைசி லாட் 9,000 பீஸ், நெஞ்சில் இரண்டு கலர் பிரிண்ட். க்யூரிங் முடிந்து, கழிவுத் துணியைக் கிழித்துக் கட்டிய கட்டுகள் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வாசலில் குட்டியானை வந்து நின்றது. "பழைய பாக்கி வந்தாத்தான் ஏத்துவேன்" என்று வீட்டுக்காரர் கதவுக்குக் குறுக்கே நின்றார். பார்ட்டி அவரை விட்டுவிட்டு என் போனுக்குக் கூப்பிட்டார். "ஏனுங்க அக்கா, நம்மகிட்டயே இப்படிப் பண்ணலாமுங்களா? அங்க தையலுக்கு ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க. இந்த லாட் காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாத்தான் எனக்கே காசு. வந்ததும் முதல் பணம் உங்களுக்குத்தான்." வீட்டுக்காரரிடம் ஏற்றச் சொன்னது நான்தான். அதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை, அது வேறு விஷயம்.

பின்னால் வக்கீல் ஒன்று சொன்னார். ஒரு பொருளில் நாம் வேலை செய்திருந்தால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை நாமே வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவு உரிமை தருகிறதாம். பழைய பாக்கிக்காகப் புது லாட்டைப் பிடிக்க முடியாது; அந்தந்த லாட்டின் கூலிக்கு மட்டும்தான். அப்படிப் பார்த்தாலும் அன்று 72,000 ரூபாய்க்கு என் கையில் பிடி இருந்திருக்கிறது. வண்டி தெருமுனை திரும்பியதோடு அது போயிற்று.

அப்புறம் அவர் ஆபீஸுக்கு நடந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். டீ வரும், ஆள் வர மாட்டார். "சார் இப்பத்தானுங்க வெளிய போனார்" என்பார்கள், வாசலில் அவர் வண்டி நிற்கும். வந்தாலும், "இன்னொரு எட்டாயிரம் பீஸ் இருக்குங்க, அதையும் அடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா மொத்தமா கணக்க முடிச்சுடலாம்" என்பார். சனிக்கிழமை சம்பளம் போட என் வளையல் பேங்குக்குப் போயிருந்த நேரம் அது. அந்த எட்டாயிரம் பீஸை மட்டும் வாங்க மாட்டேன் என்றேன். நாங்கள் உருப்படியாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

நவம்பரில் மூன்று செக் கொடுத்தார். டிசம்பர் 10க்கு ஒன்றரை லட்சம், ஜனவரி 10க்கு ஒன்றரை லட்சம், பிப்ரவரி 10க்கு 1,12,000. டிசம்பர் 10 இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. திங்கட்கிழமை போட்டேன், செவ்வாய் 13ம் தேதி திரும்பி வந்தது. கணக்கில் பணம் இல்லை என்று மெமோ. போனில் கூப்பிட்டதும் அவ்வளவு பணிவாகப் பேசினார். "தப்பாயிடுச்சுங்க அக்கா. மத்த ரெண்டையும் பேங்குல போட்டுடாதீங்க, என் பேரு கெட்டுடும். பொங்கலுக்குள்ள முழுசாத் தந்துடறேன்."

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்து 30 நாளைக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். செலாவணி முறிச் சட்டம் 138 என்று எல்லோரும் சொல்லும் கேஸ் இதுதான். எனக்கு 30 நாள் முடிவது ஜனவரி 12. பொங்கல் ஜனவரி 15. அவர் கணக்குப் போட்டுத்தான் பொங்கல் என்று சொன்னாரா, தற்செயலா என்று எனக்கு இன்றும் தெரியாது. தை பிறந்தது, பணம் பிறக்கவில்லை.

ஆனால் அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் அது உயிரோடு இருக்கும், அதற்குள் மறுபடி பேங்கில் போடலாம். மறுபடி திரும்பினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 30 நாள். அதாவது முதல் செக்குக்கு மார்ச் 10 வரை, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10, மூன்றாவதுக்கு மே 10. இது தெரிந்திருந்தால் அந்தப் பழுப்பு ஃபைல்காரரை வாசலிலேயே அனுப்பியிருப்பேன்.

அவர் பிப்ரவரி கடைசியில் வந்தார். தெரிந்த ஒரு டெய்லரிங் யூனிட்காரர் அனுப்பினார், அவரும் பின்னால் ஏமாந்தவர்தான். பேச்சு பிரமாதம். "போலீஸ், கோர்ட்டுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும் மேடம். நான் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்தா போதும், மூணாவது நாள் பணம் வரும்." வசூலாகும் தொகையில் 20 சதவீதம் அவருக்கு, முன்பணமாக ஃபைல் சார்ஜ் 15,000. அதற்கு ரசீதும் கொடுத்தார். ரசீதில் இருந்த முகவரியைத் தேடி நாங்கள் பிறகு போனபோது அங்கே மாவு மில் இருந்தது.

மூன்று செக்கையும் ஒரிஜினலாகக் கேட்டார். ஜெராக்ஸ் தரட்டுமா என்றதற்கு, "ஒரிஜினலைக் கண்ணுல காட்டினாத்தான் மேடம் பயப்படுவான்" என்றார். கொடுத்தேன். அப்புறம், உங்கள் சார்பாகக் கடிதம் எழுத வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமே என்று, யூனிட் லெட்டர்பேடில் இரண்டு தாள், கீழே கையெழுத்துப் போட்டுக் கேட்டார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தேன். நின்றபடியே இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதுகிறவள் நான், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன்!

மார்ச்சில் தினமும் போன் வந்தது. "இன்னைக்குப் பாத்தேன் மேடம், நடுங்கிட்டான்." ஏப்ரலில் வாரம் ஒரு போன். மே 10 தாண்டியதும் போன் சுவிட்ச் ஆஃப். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், சிவில் மேட்டர் மாதிரி இருக்கிறதே என்றார்கள். அதற்கு மேல் அந்தப் பக்கம் நகரவில்லை.

ஜூனில்தான் வக்கீலிடம் போனோம். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம். மூன்று செக்கும் செத்துவிட்டன, அதுவும் கையில் இல்லை. ஆனால் செக் போனாலும் கடன் போகாது என்றார். வேலை முடிந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அதற்கு முன்னால், "உத்யம் பதிவு இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு அது; 2021ல் பேங்க் லோனுக்காக எடுத்தது, சர்டிபிகேட் பீரோவில் கிடந்தது.

அந்தத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 2006ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு யூனிட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நாங்கள் விண்ணப்பித்த 2023ல் வங்கி விகிதம் 6.75, அப்படியென்றால் 20.25 சதவீதம். அப்போது சமாதான் என்ற மத்திய அரசுத் தளத்தில் விண்ணப்பித்தோம்; அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போனது, எங்களுக்குக் கோயம்புத்தூர். மன்றம் தீர்ப்புச் சொன்னால், அதை எதிர்த்துப் போகிற பார்ட்டி 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய் உத்யம் எடுத்தால், அந்தப் பழைய பில்லுக்கு இது கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. வேலை எடுப்பதற்கு முன்னாலேயே பதிவு இருக்க வேண்டும். வெறும் வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு உத்யம் கிடைத்தாலும் இந்தப் பாக்கி விஷயத்தில் பலன் கிடையாது.

மன்றத்தில் பார்ட்டி ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். எங்கள் லெட்டர்பேட். 2023 மார்ச் தேதி. 1,90,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டோம், கணக்கு முழுமையாகத் தீர்ந்தது, இனி எந்தப் பாக்கியும் இல்லை. கீழே என் கையெழுத்து. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். உண்மையில் பார்ட்டி பழுப்பு ஃபைல்காரருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் வெளிச்சம். செக்குகளும் பார்ட்டியின் கையில்தான் இருந்தன.

அந்தத் தாளை நான் உற்றுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஆறு வரி டைப், எல்லாம் மேல் பாதியிலேயே முடிந்துவிட்டது. கீழே ஒரு சாண் வெற்றிடம். அதற்கும் கீழே, அடி மூலையில், தமிழில் என் கையெழுத்து, நின்றபடி போட்டதால் வலது பக்கமாகச் சரிந்து. கையெழுத்து என்னுடையது இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்களைக் காப்பாற்றியது அந்தப் பார்ட்டியின் வாய்தான். ஏப்ரலில், அதாவது கணக்குத் தீர்ந்ததாகச் சொல்லும் தேதிக்கு ஒரு மாதம் கழித்து, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "அக்கா அடுத்த வாரம் ஒரு லட்சம் போட்டுடறேன், மிச்சம் ஆடிக்குள்ள." கணக்கு முடிந்தவர் எதற்கு ஒரு லட்சம் போடுவதாகச் சொல்கிறார்? இப்படி ஒன்பது மெசேஜ் இருந்தது. போன் மாற்றும்போது அழிக்காமல் இருந்தது மகள் புண்ணியம்.

சமரசப் பேச்சிலேயே முடித்துக்கொண்டோம். 2,75,000, ஐந்து தவணை, எல்லாம் பேங்க் வழியாக. வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் இரண்டு பேரும் அலைந்து அலைந்து களைத்துவிட்டோம். மூன்று தவணை வந்திருக்கிறது. நாலாவது போன மாதம் வர வேண்டியது, இன்னும் வரவில்லை.

இப்போது என் பக்கம் மாறியது கொஞ்சம்தான். பில்லின் மேலேயே உத்யம் எண் அச்சடித்திருக்கிறேன். டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்தும் பெயரும் இல்லாமல் கட்டு வாசலைத் தாண்டாது. மாதக் கடைசியில் பாக்கித் தொகையை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரிங்க" என்று ஒரு பதில் வாங்கிவிடுகிறேன். 2024 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. குறு, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் விதி வந்த வருடம் அது. கூப்பிட்டாலும் போனை எடுக்காத பார்ட்டிகள் தாங்களாகவே கூப்பிட்டு, "அக்கா, நம்ம பாக்கி எவ்வளவுங்க?" என்று கேட்டார்கள். இத்தனை வருடத் தொழிலில் அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை.

போன வாரம் பழுப்பு ஃபைல் பற்றிச் சொன்னவர் அடுத்த வீதியில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறார். அவருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் பாக்கி. அவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டேன். செக்கைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையாம், நாளைக்கு வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். லெட்டர்பேட்?

"ஒரு தாள் மட்டும் குடுத்தேனுங்க அக்கா" என்றார்.

அன்று சாயங்காலமே அவரை எங்கள் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனோம். என்ன தேதியில், எதற்காக, யாரிடம் அந்த வெற்றுத் தாளைக் கொடுத்தார், யாரிடமும் பணம் வாங்கவில்லை என்று எழுதி அவருடைய பார்ட்டிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பியிருக்கிறார். அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை இன்னும் வரவில்லை.