தானாக ஏறும் விண்டோஸ் பென்டிரைவ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

"செருகுங்க, ஆன் பண்ணுங்க, வேற வேலையப் பாருங்க. திரும்பி வர்றதுக்குள்ள விண்டோஸும் ரெடி, சாஃப்ட்வேரும் ரெடி." இப்படி விளம்பரம் செய்த ஒருவரிடம் பணம் கொடுத்து இன்ஸ்டாலேஷன் பென்டிரைவ் ஒன்று வாங்கினேன். பல கணினிகளுக்கு ஒரே மாதிரி விண்டோஸ் போட வேண்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்த நேரமில்லை. விண்டோஸ் ஏறியது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏறி முடிந்ததும் தானாக ஓட வேண்டும் என்று நான் பட்டியல் கொடுத்திருந்த சாஃப்ட்வேர்கள் ஓடவில்லை. நான் கேட்கவே கேட்காத சில ஓடின. ஆளின் பெயரைப் போடப் போவதில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார். எப்படிச் செய்திருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி வேலையை யார் செய்தாலும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் ஒளித்து வைப்பார்கள்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. விண்டோஸ் செட்டப் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய ஒரு ஃபைலை வைத்துவிட்டால் அது யாரையும் எதையும் கேட்காமல் தானே ஏறிவிடும். எக்ஸ்பி காலத்தில் அதற்கு வின்என்டி டாட் சிஃப் என்று பெயர், விஸ்டா முதல் ஆட்டோஅன்அட்டெண்ட் டாட் எக்ஸ்எம்எல். பென்டிரைவின் மேல்மட்டத்திலேயே இந்த ஃபைல் கிடந்தால் போதும், செட்டப் தானாகத் தேடி எடுத்துக்கொள்ளும். மொழி, டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என எல்லாம் அதில் இருக்கும். இது மைக்ரோசாஃப்ட்டே கொடுத்திருக்கும் வசதிதான், பெரிய அலுவலகங்களில் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

விஷயம் என்னவென்றால், ஏறி முடிந்ததும் எந்தெந்த கட்டளைகள் ஓட வேண்டும் என்பதையும் அதே ஃபைலில் எழுதலாம். ஸ்பெஷலைஸ் என்ற கட்டத்தில் எழுதினால் ஒரு பயனர்கூட உள்ளே நுழைவதற்கு முன்பே சிஸ்டம் கணக்கின் பெயரில் ஓடும், அது அட்மினிஸ்ட்ரேட்டரையும் விட அதிகாரம் உள்ள கணக்கு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் செட்டப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ், அங்கே செட்டப்கம்ப்ளீட் டாட் சிஎம்டி என்று ஒரு ஃபைலைப் போட்டு வைத்தாலும் அப்படித்தான், லாகின் திரை வருவதற்கு முன்பே சிஸ்டம் பெயரில் ஓடிவிடும். அப்புறம் ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ், முதல் தடவை லாகின் ஆகும்போது ஒன்று, இரண்டு என்று வரிசை எண்படி ஓடுபவை. ஆக, நீங்கள் டெஸ்க்டாப்பைக் கண்ணால் பார்ப்பதற்குள் அந்தக் கணினியில் என்ன வேண்டுமானாலும் நடந்து முடிந்திருக்கலாம்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது கறுப்பு ஜன்னல்களைப் பார்த்துத்தான். முதல் லாகினில் கமாண்ட் ஜன்னல்கள் பளிச் பளிச்சென்று வந்து மறைந்தன, சரி, சாஃப்ட்வேர் ஏறுகிறது போல என்று நினைத்தால், பிரவுசர் தானாகத் திறந்து கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. டெஸ்க்டாப்பில் நான் கேட்ட சாஃப்ட்வேர் ஒன்றுகூட இல்லை. இது பிராண்டட் கம்பெனி லேப்டாப்களில். அசெம்பிள் செய்த கணினிகளில் கொஞ்சம் பரவாயில்லை, ஒன்றிரண்டு ஏறியிருந்தன, அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். "நெட் ஸ்லோவா இருக்கும் சார், வெயிட் பண்ணுங்க" என்றார். இந்தத் தேடல் பக்கம் என்ன என்று கேட்டதற்கு "அது விண்டோஸ்லயே வர்றது சார்" என்றார். வராது. அதற்குப் பிறகுதான் நானே உள்ளே போய்ப் பார்த்தேன்.

கேட்டவை ஏன் ஏறவில்லை என்பதற்கான காரணம் லாக் ஃபைலிலேயே தெளிவாக எழுதியிருந்தது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் பேந்தர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் அன்அட்டெண்ட்ஜிசி, அங்கே செட்டப்ஆக்ட் டாட் லாக். ஓஇஎம் (கணினி தயாரிப்பாளரே விண்டோஸோடு சேர்த்துத் தரும்) லைசென்ஸ் இருப்பதால் செட்டப்கம்ப்ளீட் ஓடாது என்று அதில் ஒரு வரி. கம்பெனி லேப்டாப்களில் விண்டோஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்து வரும், அந்த ஓஇஎம் கீயோடு ஏறினால் என்டர்பிரைஸ் எடிஷன் தவிர மற்றவற்றில் செட்டப்கம்ப்ளீட் ஃபைலை விண்டோஸ் கண்டுகொள்ளாது. மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இருக்கும் விஷயம் இது. இதையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை. அசெம்பிள் கணினிகளில் ஃபைல் ஓடியிருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு இன்ஸ்டாலருக்கு, எதையும் கேட்காமல் ஏறச் சொல்லும் சைலன்ட் ஸ்விட்ச் கொடுக்காமல் விட்டிருந்தார். இன்ஸ்டாலரின் வகையைப் பொறுத்து அது மாறும்: எம்எஸ்ஐ ஃபைல் என்றால் ஸ்லாஷ் கியூஎன், இன்னோ செட்டப்பில் செய்தது என்றால் ஸ்லாஷ் வெரிசைலன்ட், என்எஸ்ஐஎஸ் என்றால் ஸ்லாஷ் எஸ், அதிலும் எஸ் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். இது இல்லையென்றால் இன்ஸ்டாலர் யாராவது நெக்ஸ்ட் அழுத்துவார்கள் என்று காத்திருக்கும், செட்டப்கம்ப்ளீட் ஓடும் நேரத்தில் திரையில் அந்த ஜன்னலே தெரியாது, யார் அழுத்துவது? பின்னால் வரிசையில் நின்றவை எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

இதுவரை சொன்னது அரைகுறை வேலை, திட்டிவிட்டு மறந்துவிடலாம். மற்றது அப்படி இல்லை. தன்னுடைய சரக்கை மட்டும் அவர் செட்டப்கம்ப்ளீட்டில் வைக்கவில்லை, ஓஇஎம் லேப்டாப்பிலும் தவறாமல் ஓடும் ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸில் வைத்திருந்தார். பென்டிரைவில் எக்ஸ்எம்எல் ஃபைலை ஹிடன் ஆக்கியிருந்தார், காட்டச் சொல்லி நோட்பேடில் திறந்தேன். வரிசை எண் ஒன்று: பவர்ஷெல் என்ற விண்டோஸின் கட்டளைக் கருவி மூலம் சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரின் சோதனையிலிருந்து விலக்கும் கட்டளை. எண் இரண்டு: அதே பவர்ஷெல், ஜன்னல் தெரியாதபடி, ஏதோ ஒரு முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி ஓடவிடுகிறது. அதற்கு அவர் எழுதியிருந்த விளக்கம் 'டிரைவர் அப்டேட்'. முதலில் காவலை எடுத்துவிட்டு அப்புறம் ஆளை உள்ளே விடுகிற வரிசை, தெரியாமல் நடந்தது என்று சொல்லவே முடியாது. ஸ்பெஷலைஸ் பகுதியில் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒரு புரோகிராமைப் பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாகப் பதிந்திருந்தார். வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார் ஒரு சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்ட கதை.

இன்னும் இருக்கிறது. எல்லாக் கணினியிலும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டுடன் கூடுதலாக ஒரு அட்மின் கணக்கு. ஆட்டோலாகான் எண்ணிக்கை 999 என்று போட்டிருந்ததால் பாஸ்வேர்டு கேட்காமலே கணினி அந்தக் கணக்கில் திறந்துகொள்ளும். அந்த பாஸ்வேர்டு எக்ஸ்எம்எல்லில் புரியாத எழுத்தாகத் தெரிந்தது, ஆனால் அது குறியாக்கம் ஒன்றும் இல்லை, வெறும் பேஸ்64, யார் வேண்டுமானாலும் நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். ஏறி முடிந்தபின் பேந்தர் ஃபோல்டரில் விண்டோஸ் வைத்துக்கொள்ளும் பிரதியில் பாஸ்வேர்டை அழித்துவிடும், பென்டிரைவில் இருக்கும் மூல ஃபைலில் அது அப்படியேதான் கிடக்கும்.

தேடல் பக்கம் வந்தது வேறு வழியில். விண்டோஸில் புதிதாக எந்தப் பயனரை உருவாக்கினாலும் டிஃபால்ட் பயனர் ஃபோல்டரைத்தான் நகலெடுக்கும். அந்த ஃபோல்டரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ரன்ஒன்ஸ் கீயில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் கட்டளையை எழுதி வைத்துவிட்டார், ஆகவே புதுப் பயனர் ஒவ்வொருவருக்கும் முதல் தடவை ஒருமுறை ஓடும். ரன்ஒன்ஸில் எழுதிய வரியை விண்டோஸ் ஓடவிடும் முன்பே அழித்துவிடும், சந்தேகப்பட்டு நீங்கள் போய்ப் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தைப் பார்த்து எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், சர்வீஸ்களும் டாஸ்க் ஷெட்யூலரில் இருப்பவையும் அங்கே வராது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்று ஒரு இலவசக் கருவி உண்டு, அதில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பவை எல்லாம் பளிச்சென்று தெரியும்.

'லைஃப்டைம் ஆக்டிவேஷன்' என்று வேறு சொல்லியிருந்தார். அசெம்பிள் கணினியில் லைசென்ஸ் விவரம் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை ஸ்லாஷ் டிஎல்வி போட்டு ஓட்டிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு கேஎம்எஸ் (நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாக ஆக்டிவேட் செய்யும் முறை) சர்வர் பெயர். கேஎம்எஸ் ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள், அதற்குள் அந்த சர்வரோடு மறுபடி பேசிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்ன லைஃப்டைமோ!

ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரிமோட் புரோகிராம் "உங்களுக்கு சப்போர்ட் குடுக்கத்தான் சார்" என்றார். டிஃபெண்டரை விலக்கியது எதற்கு என்று கேட்டேன், படித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் பிளாக் செய்துவிட்டார்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பணம் கொடுக்கும் முன்பே எக்ஸ்எம்எல் ஃபைலைக் கேளுங்கள், அது வெறும் டெக்ஸ்ட், மறைக்க அதில் ஒரு தொழில் ரகசியமும் இல்லை. தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். சோர்ஸஸ் ஃபோல்டருக்குள் டாலர் ஓஇஎம் டாலர் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், அதில் இருப்பவை நேராக விண்டோஸ் ஃபோல்டருக்கும் சி டிரைவுக்கும் நகலாகும். எக்ஸ்எம்எல் சுத்தமாக இருந்தாலும் விண்டோஸே அடங்கியிருக்கும் இன்ஸ்டால் டாட் விம் ஃபைலுக்குள்ளேயே கைவைத்திருக்க முடியும், அதனால் அவர் கொடுத்ததைத் தொடாமல் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்களே ஐஎஸ்ஓ (இன்ஸ்டாலேஷன் டிஸ்க்கின் முழுப் பிரதி) இறக்கி, படித்துப் பார்த்த எக்ஸ்எம்எல்லை மட்டும் அதில் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. முதலில் ஒரு வெர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் சாஃப்ட்வேரால் உருவாக்கும் போலிக் கணினி), நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஏற்கனவே இப்படி ஒரு பென்டிரைவால் விண்டோஸ் போட்டவர்கள் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதாவது அங்கே இருந்தால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து கொண்டிருக்க வேண்டாம், சிஸ்டம் பெயரில் என்னென்ன ஓடியது என்று முழுதாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நெட்டைக் கழற்றுங்கள், வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், தேவையான டாக்குமென்ட்களை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லா பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். அந்தப் பென்டிரைவை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள், புகார் கொடுக்கப் போனால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.